பன்னிரண்டு பேர், மூன்று கரைகள்: உப்பையும் கருப்பட்டியையும் தேடிப் போக எது தோது?

எங்கள் குடியிருப்பில் பன்னிரண்டு பேர் வருஷத்துக்கு ஒரு தடவை சாப்பாட்டைத் தேடி ஊர் போவோம். உப்பு எந்தப் பாத்தியில் விளைகிறது, கருப்பட்டியை யார் காய்ச்சுகிறார்கள், கருவாடு எந்த மணலில் காய்கிறது என்று நேரில் பார்த்து, முடிந்தால் செய்கிறவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு வருவோம். கூட்டத்தில் மூத்தவருக்கு வயது 71, சின்னவளுக்கு 9. மூன்று பேர் சைவம். சென்னையிலிருந்து கிளம்பி மூன்று நாளில் திரும்பியாக வேண்டும்.

இந்த வருஷம் வாட்ஸப் குழுவில் மூன்று கட்சி. ஒரு கட்சிக்குத் தூத்துக்குடி, உடன்குடி. இன்னொன்றுக்கு நாகப்பட்டினம், வேதாரண்யம். மூன்றாவது கட்சிக்கு ராமநாதபுரம், கீழக்கரை. ஆள் குறைவு, சத்தம் அதிகம். மூன்று கரைக்கும் நான் போயிருப்பதால் எழுதிப் போடச் சொன்னார்கள். இப்படிக் கிளம்ப நினைக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

'எந்த ஊரில் சாப்பாடு நன்றாயிருக்கும்' என்று பேச ஆரம்பித்தால் விடிய விடியப் பேசலாம். மூன்று கரையிலும் நன்றாகத்தான் இருக்கும். லீவு எந்த மாதம், போகிறவர்கள் எத்தனை பேர் என்ற இரண்டையும் முதலில் சொல்லிவிட்டால் கரை தானாக முடிவாகிவிடும். உப்புக்கு ஒரு பருவம், பனைக்கு ஒரு பருவம், நெல்லுக்கும் மீனுக்கும் வேறு வேறு. அதோடு, ஒரு குடிசையில் அடுப்பெரித்துக்கொண்டிருப்பவர் முன்னால் ஐந்து பேர் நிற்பதும் இருபது பேர் நிற்பதும் ஒன்றல்ல.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருஷம் ஒரு டிராவல்ஸில் மொத்தமாகப் பணம் கட்டி, 22 பேர் பெரிய பஸ்ஸில் தூத்துக்குடிப் பக்கம் சுற்றினோம். ஓட்டலில் பூரி கிழங்கு முடித்து உப்பளத்தில் போய் இறங்கும்போது மணி பத்தரை. கண்ணைக் குத்தும் வெள்ளை, மண்டையைப் பிளக்கும் வெயில், கண்ணுக்கெட்டிய வரை ஓர் ஆள் இல்லை. அளத்து வேலை விடியுமுன்பே தொடங்கி வெயில் ஏறுவதற்குள் அடங்கிவிடும் என்பது திட்டம் போட்டவருக்குத் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. உப்புக் குவியல் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம். அன்று பார்த்த ஒரே உயிர் ஒரு நாய்.

தூத்துக்குடி, உடன்குடி

இந்தக் கரைக்குப் போகிற காலம் பங்குனி பாதியிலிருந்து ஆனி வரை. வெயிலுக்குப் பயந்து எல்லோரும் மலைக்கு ஓடுகிற மாதங்கள்தான், ஆனால் உப்பும் பனையும் ஒரே சமயத்தில் உச்சத்தில் இருப்பது அப்போதுதான்.

உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து தமிழ்நாடு, அதில் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டம். இங்கே பல அளங்களில் கடல்நீர் நேரடியாகப் பாய்வதில்லை, நிலத்தடி உவர்நீரைத்தான் குழாய்க்கிணற்றிலிருந்து இறைக்கிறார்கள். தெப்பத்தில் தேக்கி, பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவிடுவார்கள். சாதாரணக் கடல்நீர் மூன்று டிகிரி இருக்கும் (சூடு இல்லை, உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் அளவு). 25 டிகிரி வாக்கில் வந்தால்தான் உப்பு படியும். மழை விழுந்தால் அத்தனையும் மறுபடி தண்ணீர். அதனால்தான் ஐப்பசியோடு வேலை நின்றுபோகிறது. அந்த மாதங்களுக்கென்று அரசு தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. உப்புக்கு வருஷம் முழுக்கத் தேவை இருந்தும், அதை வாருகிறவர்களுக்கு வருஷம் முழுக்க வேலை இல்லை.

இரண்டாவது தடவை விடியற்காலை ஐந்து மணிக்கே அளத்தில் நின்றோம். இருட்டு முழுதாக விலகவில்லை. நீளக் கழியில் பலகை பொருத்தியதை ஓர் அம்மா பாத்திக்குள் இழுக்க இழுக்க, அடியில் கரகரவென்று சத்தம். தண்ணீருக்குள் கறுப்பாகத் தெரிந்தது வரப்போரம் சேரும்போது வெள்ளையாகியது. எங்கள் ஒன்பது வயதுக்காரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கப் பார்த்தாள். "செருப்பக் கழத்திராத பிள்ள, உப்பு அறுத்துரும்" என்றார் அந்த அம்மா. அப்போதுதான் அவர் காலைப் பார்த்தோம். விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

பனைக்கு வருகிறேன். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் 40 கிலோமீட்டர், அங்கிருந்து உடன்குடி பக்கம்தான். ஊரைத் தாண்டித் தேரிக்காட்டுச் செம்மண் தொடங்கும் பக்கம் பனைகளுக்கு நடுவே ஓலை வேய்ந்த தாழ்ந்த குடில்கள் தெரியும். விடிலி என்பார்கள். கருப்பட்டி காய்ச்சுவது அங்கேதான். பனையேறி காலையிலும் மாலையிலும் ஏறி, பாளையைச் சீவிவிட்டு, கலயத்தில் சேர்ந்திருப்பதை இறக்குகிறார். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர், தடவாவிட்டால் கள். இந்த ஒரு கோடுதான் சட்டத்துக்கும் குற்றத்துக்கும் நடுவில் இருக்கிறது.

நாங்கள் போன விடிலியில் அக்காதான் காய்ச்சிக்கொண்டிருந்தார். வடிகட்டிய பதநீர் அகன்ற வட்டையில் கொதிக்கிறது, கீழே காய்ந்த ஓலையும் மட்டையும் எரிகிறது. ஒரு கட்டத்தில் நுரை கட்டிப் பொங்கிக்கொண்டு விளிம்புக்கு வந்தது. நான் பதறிவிட்டேன். அவர் பேச்சை நிறுத்தாமல், இடித்து வைத்திருந்த ஆமணக்கு முத்தில் ஒரு சிட்டிகையை எடுத்து மேலே தூவினார். ஊசி பட்ட பலூன் மாதிரி நுரை உட்கார்ந்துவிட்டது. பிறகு கொஞ்சத்தை எடுத்து ஒரு கிண்ணம் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்தார். "இன்னும் ஆகல" என்றார். மூன்றாவது தடவை உருட்டியபோது கெட்டியாக நின்றது. வட்டையை இறக்கித் துடுப்பால் கிண்டி, மணலில் வரிசையாகப் பதித்து வைத்திருந்த சிரட்டைகளில் ஊற்றினார். அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி ஓலைத்துண்டில் வைத்துக் கொடுத்தார். அந்த மாதிரி ஒன்றை நான் எந்தக் கடையிலும் தின்றதில்லை.

எட்டு, பத்து லிட்டர் பதநீர் காய்ச்சினால் ஏறக்குறைய ஒரு கிலோ கருப்பட்டி தேறும். மரமேறும் கூலி, விறகு, அடுப்படியில் போகும் மணிக்கணக்கு எல்லாவற்றையும் மனசில் கூட்டிப் பார்த்தால், ரோட்டோரக் கடையில் பாதி விலைக்குக் கிடைப்பது எதனால் ஆனது என்று புரியும். முதல் வருஷம் நான் அப்படி ஐந்து கிலோ வாங்கி வந்தேன். உடைத்தால் உள்ளே சீனி மாதிரி மினுங்கியது.

மீனில்தான் இந்தப் பருவத்துக்கு ஒரு குறை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. அதைக் காட்டித்தான் நாகைக் கட்சி எங்களை மடக்கப் பார்த்தது. ஆனால் நாட்டுப்படகுக்கு இந்தத் தடை கிடையாது. தெரேசபுரம் கடற்கரையில் சாளை, பாறை, விளமீன், கணவாய் என்று கொஞ்சமாக வரும், அன்றைக்குப் பிடித்ததாக இருக்கும். பெரிய வஞ்சிரத் துண்டு வேண்டும் என்பவர்கள் ஓட்டலில் கேட்டால் கிடைக்கும். எந்த ஊர் ஐஸ்பெட்டியிலிருந்து வந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது.

சைவக்காரர்களுக்கு மூன்று கரையிலும் இதுதான் நல்ல கரை. உப்பு, பதநீர், கருப்பட்டி, நுங்கு, ஆத்தூர் வெற்றிலை (2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது, தாமிரபரணித் தண்ணீரில் வளரும் கொடிக்கால்), சாத்தான்குளம் பக்கத்து முதலூரில் தேங்காய்ப்பாலில் கிண்டுகிற மஸ்கோத் அல்வா. நெய் சேராமலே அது பளபளக்கும். மக்ரூன் மட்டும் பார்த்து. முந்திரியும் சீனியும் போக மூன்றாவது சாமான் முட்டை வெள்ளைக்கரு. எங்கள் மாமி ஒருத்தர் நான்கு தின்று முடித்து, "இது எப்படி இவ்வளவு லேசா இருக்கு?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை.

வைகாசி விசாகத்தை ஒட்டித் திருச்செந்தூரில் தங்க நினைக்காதீர்கள். அறையும் கிடைக்காது, வழியும் கிடைக்காது.

நாகப்பட்டினம், வேதாரண்யம்

தை, மாசியில் லீவு என்றால் கேள்வியே இல்லை, இந்தக் கரைதான். சம்பா அறுவடை நடக்கும், மழை ஓய்ந்திருக்கும், விசைப்படகும் நாட்டுப்படகும் கடலில் இருக்கும். வெயிலும் உறைக்காது. எழுபது தாண்டியவர்களைக் கூட்டிப்போக இதைவிட நல்ல பருவம் இல்லை.

இங்கே பார்க்க வேண்டியது கடல் பாதி, வயல் பாதி. கோடியக்கரையில் ஐப்பசியிலிருந்து பங்குனி வரை வேறு ஊர் மீனவர்கள் வந்து குடிசை போட்டுத் தங்கி மீன் பிடிப்பார்கள். வலையிலிருந்து மீனைக் கழிப்பது, தரம் பிரிப்பது, மிஞ்சியதை உப்புப் போட்டுக் காயவைப்பது எல்லாம் ஒரே மணலில் நடக்கும். பக்கத்துச் சதுப்பில் பூநாரைகள் அதே மாதங்களில் வருவது குழந்தைகளுக்கு ஒரு கூடுதல். அங்கிருந்து வடமேற்கே திருத்துறைப்பூண்டி. நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல் திருவிழா நடத்திய ஊர். அவர் 2018-ல் காலமானார். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்கார் என்று அந்த வட்டாரத்தில் பயிரிடும் விவசாயிகளிடம் நேராகவே அரிசி வாங்கலாம். ஆனால் நெல் திருவிழா நடப்பது கோடையில். அறுவடையும் திருவிழாவும் ஒரே பயணத்தில் அமையாது.

உப்பிலும் அதே சிக்கல். 1930 ஏப்ரல் 13-ல் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்து வந்தவர்கள் அந்த மாதம் 30-ம் தேதி இங்கே அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். நினைவுத்தூணை எந்த மாதமும் பார்க்கலாம். தையில் அளத்துக்குப் போனால் மழை கரைத்த வரப்புகளைச் சரிசெய்து கொண்டிருப்பார்கள். சத்தியாகிரகிகள் ஏப்ரலில் அள்ளிய உப்பு தையில் இருக்காது.

நாகூரில் சாயங்காலம் வாடா தின்னாமல் வரக்கூடாது. அரிசி மாவில் இறாலும் வெங்காயமும் வைத்துத் தட்டிப் பொரிப்பது. அதோடு தம்ரூட் என்ற ரவை இனிப்பு. இரண்டையும் செய்வதைக் கடை வாசலில் நின்றே பார்க்கலாம், யாரிடமும் நேரம் வாங்க வேண்டியதில்லை.

கூட்டமாகப் போகிறவர்களுக்கு இந்தக் கரையில் இரண்டு தொந்தரவு. ஒன்று தூரம். நாகூரிலிருந்து கோடியக்கரை வரை நீட்டினால் எழுபது கிலோமீட்டர், திருத்துறைப்பூண்டியையும் சேர்த்தால் பாதி நாள் வேனிலேயே கழியும். இன்னொன்று, அக்கரைப்பேட்டைத் துறைமுகம் மாதிரி இடத்தில் அதிகாலை ஏலம் நடக்கும்போது நம் கூட்டம் வெறும் இடைஞ்சல். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவர் வழியில் பன்னிரண்டு பேர் போனைத் தூக்கிக்கொண்டு நின்றால் அவர் திட்டுவார், அதில் நியாயம் இருக்கிறது. நாங்கள் மும்மூன்று பேராகப் பிரிந்து போய்ப் பார்த்தோம்.

வேதாரண்யத்தில் யாருடன் பேச உட்கார்ந்தாலும் பேச்சு கஜாவில் போய் நிற்கும். 2018 நவம்பர் 16-ல் அடித்த அந்தப் புயல் தென்னையையும் மாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. ஒரு தோப்புக்காரர் எங்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு, "இது புயலுக்கப்புறம் வச்ச கன்னு, இப்பதான் காய்க்குது" என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

ராமநாதபுரம், கீழக்கரை

எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்த கரை இதுதான். இருந்தும் பன்னிரண்டு பேருக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

மாசி, பங்குனியில் போனால் முண்டு மிளகாய் களத்தில் காயும். குண்டாக, தோல் தடித்து, கோலிக்குண்டு மாதிரி உருளும் மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது. மானாவாரி நிலம், மழையை நம்பிய பயிர். களத்தில் பரப்பியிருக்கும்போது காற்று அடித்தால் தும்மல் நிற்காது. அங்கே அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்து சாப்பிட்ட குழம்பின் நிறத்துக்கே ஒரு அர்த்தம் வந்துவிட்டது.

கீழக்கரையில் தொதல். தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் கருப்பட்டியோ சீனியோ சேர்த்து, எண்ணெய் கக்கும் வரை மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். பல இடங்களில் வீட்டை ஒட்டிய கூடத்தில்தான் செய்கிறார்கள். அறிமுகம் இருந்தால் நான்கைந்து பேரை உள்ளே விடுவார்கள். அதற்கு மேல் போனால் அடுப்புக்கும் நமக்கும் இடம் பத்தாது, வீட்டுப் பெண்களுக்கும் சங்கடம்.

பாம்பன், மண்டபம் பக்கம் கடற்பாசி எடுக்கும் பெண்களின் கதை இன்னும் நுணுக்கமானது. தீவுகளை ஒட்டிய ஆழமில்லாத கடலில் முகமூடி மாட்டிக்கொண்டு முங்கிப் பாசி பறிக்கிறவர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். நோன்புக் காலத்தில் வீடுகளில் செய்யும் கடல்பாசி இனிப்புக்கு மூலம் இப்படிப்பட்ட பாசிகள்தான். ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன, அனுமதியில்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. பாசி எடுப்பவர்களுக்கும் வனத்துறைக்கும் நடுவே உரசல் உண்டு. இந்த நிலையில் ஒரு படகு நிறைய வெளியூர்க்காரர்கள் வேடிக்கை பார்க்கப் போவது அந்தப் பெண்களுக்குத்தான் தலைவலியாக முடியும். கரையில் பாசி உலர்த்துகிற இடத்தில் உட்கார்ந்து பேசினாலே போதுமானது.

இதுபோக, ராமேஸ்வரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டுக் கோயிலுக்குப் போகாமல் இருக்க நம் கூட்டம் சம்மதிக்காது. 22 தீர்த்தமும் ஆடி முடிக்கையில் ஒரு நாள் போயிருக்கும்.

கன்னியாகுமரியையும் ஒருவர் எழுப்பினார். மட்டிப்பழம், மார்த்தாண்டம் தேன், மரச்சீனியும் மீனும். அதை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. அந்த மேற்குக் கரையில் மீன்பிடித் தடை ஜூன், ஜூலையில் வருகிறது, மழைக் கணக்கும் வேறு. தனிப் பயணமாகத்தான் போக வேண்டும்.

ஏற்பாடு யார் செய்வது

டிராவல்ஸ் மூலம் போனால் அறை, வண்டி, சாப்பாடு என்று எதற்கும் அலைய வேண்டாம். நாமே செய்தால் போன் பேசியே தொண்டை போகும். ஆனால் டிராவல்ஸ் திட்டத்தில் பொருள் விற்கும் கடைக்குத்தான் கூட்டிப் போகிறார்கள், பொருள் செய்கிற இடத்துக்கு இல்லை. அதனால் இப்போதெல்லாம் ரயில் டிக்கெட்டும் தங்குமிடமும் நாங்களே பார்த்துக்கொண்டு, வண்டியை மட்டும் உள்ளூரில் பிடிக்கிறோம். தூத்துக்குடியில் எங்களுக்கு அமைந்த வேன்கார அண்ணாச்சிக்கு அளத்து மேஸ்திரியும் தெரியும், விடிலி அக்காவின் மாமனாரும் தெரியும். இப்படி ஓர் ஆள் கிடைத்துவிட்டால் பாதிப் பயணம் முடிந்த மாதிரி.

அளத்துக்குள் நுழைய முதலாளியிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். விடிலியில் ஒரு மணி நேரம் நின்றால் அவர்கள் வேலை ஒரு மணி நேரம் தள்ளிப்போகிறது. அதற்குக் கூலி கணக்கிட்டுத் தனியாகக் கொடுத்துவிடுகிறோம், வாங்குகிற கருப்பட்டி விலை வேறு. பேரம் கிடையாது என்பது எங்கள் குழுவில் எழுதாத சட்டம். படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுப்பது. கழிப்பறை அளத்திலும் இருக்காது, தேரிக்காட்டிலும் இருக்காது. கிளம்பும்போதே இதைப் பெண்களிடமும் பெரியவர்களிடமும் சொல்லி, வழியில் எந்த பெட்ரோல் பங்கில் நிறுத்துவது என்று முடிவு செய்து கொள்ளுங்கள். போன முறை இதற்காகவே ஒரு சண்டை வந்தது.

எங்களுக்கு எது

பிள்ளைகளுக்கு லீவு மே மாதம்தான். ஆள் பன்னிரண்டு. மூன்று பேர் சைவம். ஆகத் தூத்துக்குடி. இரவு முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் ஊர். முதல் நாள் காலையில் தெரேசபுரம், மத்தியானம் தூக்கம், சாயங்காலம் மக்ரூன் (மாமிக்கு இந்த முறை சொல்லிவிடுவோம்). இரண்டாம் நாள் ஐந்து மணிக்கு அளம், அப்புறம் ஆத்தூர் வழியாக உடன்குடி. மூன்றாம் நாள் விடிலி, மணப்பாட்டுக் கடற்கரை, முதலூர் அல்வா, இரவு ரயில். 71 வயதுக்காரருக்கு வெயில் ஆகாது என்றால் அவரை மத்தியான வேலைகளிலிருந்து விட்டுவிடலாம். அவர் ஒப்புக்கொள்வாரா என்பது வேறு விஷயம்.

இதையே தையில் போகிறவர்கள் நாகைக்குப் போங்கள், இரண்டு ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாலைந்து பேராக, அறிமுகத்தோடு, மாசியில் போகிறவர்கள் யோசிக்காமல் கீழக்கரைக்குப் போங்கள்.

விடிலி அக்காவுக்குப் போன் போட்டுத் தேதி கேட்டேன். "வாங்க தம்பி, ஆனா போன வாட்டி மாதிரி ரெண்டு மணி நேரம் லேட்டா வராதிய, பதனி ஒங்களுக்காவ நிக்காது" என்றார்.

கீழக்கரைக் கட்சி இன்னும் சமாதானமாகவில்லை. அவர்களுக்காக மாசியில் ஒரு சின்ன வண்டியில் ஆறே ஆறு பேர் போவது என்று குழுவில் போட்டேன். இதுவரை ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.